மூன்று மணி ஊசி

எனக்குச் சிறு வயதிலிருந்தே குரல் சன்னம். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கச் சொன்னால் டீச்சர் கிட்டே வந்து குனிந்து கேட்பார். பிறகு, "மனசுக்குள்ளயே சொல்லிக்கிறியா?" என்று உட்கார வைத்துவிடுவார். பத்தாவதோடு படிப்பு நின்றது. அப்பா மத்திகிரி மாட்டுப் பண்ணையில் கூலி வேலை செய்தார். எண்பதுகளின் நடுவில் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு தனியார் கிளினிக்கில் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபது வயது.

நான் நர்ஸ் படிப்பு படித்தவள் இல்லை. டாக்டரே எல்லாம் சொல்லிக்கொடுத்தார். கண்ணாடி சிரிஞ்சை எவ்வளவு நேரம் கொதிக்க வைக்க வேண்டும், மழுங்கின ஊசியை எப்படிக் கண்டுபிடிப்பது, இடுப்பில் எந்த இடத்தில் குத்தினால் நரம்பில் படாது என்று காட்டினார். மூன்று மாதத்தில் கை பழகிவிட்டது. வெள்ளைப் புடவை கட்டியதும் வருகிறவர்கள் சிஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். குரல் மட்டும் பழகவில்லை. ஹாலில் நிறைந்திருக்கும் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் பெஞ்சியைத் தாண்டிக் கேட்காது. ஒரு வாரம் பார்த்துவிட்டு அந்த வேலையைக் கம்பவுண்டர் எடுத்துக்கொண்டார்.

கம்பவுண்டர் ஐம்பது வயதுக்காரர். வீட்டில் கன்னடம். வெளியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஒரே வேகத்தில் கிண்டல் செய்வார்.

"சொல்ப ஜோரா மாத்தாடும்மா, கொஞ்சம் சத்தமாப் பேசு. நீ பேசறதக் கேக்கணும்னா டாக்டரோட ஸ்டெதஸ்கோப்பு வாங்கி உன் வாயில வெக்கணும் போல இருக்குது."

ஹாலில் எல்லோரும் சிரிப்பார்கள். நான் டிரேயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். நோயாளிகளும் அப்படித்தான். நான் எது சொன்னாலும் "என்னாங்க?" என்பார்கள். திருப்பிச் சொல்வேன். "என்னாங்க சிஸ்டர்?" என்பார்கள். மூன்றாவது தடவை சொல்வதற்குள் முகமெல்லாம் சுட்டுவிடும்.

டாக்டர் காலையிலும் மாலையிலும்தான் இருப்பார். மத்தியானம் மூன்றிலிருந்து நான்கு வரை நான் மட்டும் திறந்து வைத்திருப்பேன். அதற்கு ஊசி நேரம் என்று பெயர். தினம் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறவர்கள் அப்போது வருவார்கள். முதல் ஷிஃப்டு இரண்டு மணிக்கு முடியும். தொழிற்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வர மூன்று ஆகிவிடும். டாக்டர் ஆளுக்கு ஓர் அட்டை எழுதிக் கொடுத்திருப்பார். அதில் கட்டம் போட்டிருக்கும். ஊசி போட்டதும் நான் தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பிடித்த நேரம். ஹால் காலியாக இருக்கும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

அவர் வந்தது சித்திரை மாதம். மாங்காய் லாரிகள் கிருஷ்ணகிரிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த நேரம். வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்து ஊர்க்காரர். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில், தகடு வெட்டுகிற இடத்தில் ட்ரெய்னியாக இருந்தார். மனைவியோடு மத்திகிரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் குடியிருந்தார். இருமலில் ரத்தம் வந்ததென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"டிபி. குணமாயிடும். மாத்திரை ஒரு வருஷம். ஊசி தொண்ணூறு நாள், ஒரு நாள் விடக்கூடாது."

அவர் கேட்ட முதல் கேள்வி, "கம்பெனிக்குத் தெரியுங்களா சார்?" என்பதுதான். இன்னும் ஆறு மாதத்தில் அவருக்கு ட்ரெய்னிங் முடிகிறது. முடிந்தால் பர்மனென்ட். போன வருடம் ஒருவன் இருமிக்கொண்டே இருந்ததற்கு நிறுத்திவிட்டார்களாம். அண்ணன் தம்பிகள் நால்வருக்கு ஊரில் இருப்பது கொஞ்சம் மேட்டு நிலம். இந்த வேலை போனால் திரும்பிப் போக இடமில்லை என்றார். டாக்டர் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை சாயங்காலம் வந்து தன்னைப் பார்க்கச் சொன்னார்.

"சாயந்தரம் எங்க ஷாப் ஆளுங்க நெறைய பேரு இங்க வருவாங்க சார். மூணு மணிக்கே வந்து ஊசி போட்டுக்கிட்டுப் போயிடறேனே."

டாக்டர் யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்த ஊசி காதைக் கெடுக்கும்மா. எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு. முதல்ல காதுல கொய்ங்னு சத்தம் கேக்கும், இல்லன்னா தலை சுத்தும். அப்பவே நிறுத்திட்டா தப்பிக்கலாம். விட்டுட்டா போன காது திரும்பாது. தினம் ஊசி போட்டதும் கேளு. கேட்டு எழுது."

அட்டையில் தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, மேலே 'காது, தலைசுற்று' என்று எழுதிக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து மூன்று மணிக்கு வந்தார். கையில் டிபன் கேரியர், சட்டையில் எண்ணெய் வாடை. திரை மறைவில் திரும்பி நிற்பார். ஒரு நாள் வலது பக்கம், ஒரு நாள் இடது பக்கம். மருந்து கெட்டியானது, வலிக்கும். பல்லைக் கடித்துக்கொள்வாரே தவிர சத்தம் வராது. சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு திரும்புவார். நான் மேஜையில் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, குனிந்தபடியே கேட்பேன்.

"காதுல சத்தம் ஏதாவது கேக்குதுங்களா? தலை சுத்துதா?"

"இல்லைங்க சிஸ்டர்."

'இல்லை' என்று எழுதுவேன். அவர் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போவார். இதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. வருகிறவர்களில் அவர் ஒருவர்தான் என்னிடம் "என்னாங்க?" என்று கேட்காதவர். என் குரல் எட்டுகிற ஓர் ஆளாவது இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். மூன்று மணியாகிவிட்டால் வாசலைப் பார்ப்பேன்.

ஒரு மாதம் போனது. இருமல் குறைந்தது, முகத்தில் சதை பிடித்தது. குரலும் மாறியது. முதலில் காற்றுப் போன மாதிரிப் பேசியவர், "இல்லைங்க சிஸ்டர்" என்பதைக் கணீரென்று சொல்ல ஆரம்பித்தார். நுரையீரல் தேறுகிறது என்று நினைத்தேன். மூன்று மணிக்குச் சில நாள் வந்து மிக்சர் மருந்து கலக்கி வைக்கிற கம்பவுண்டரும் அதைக் கவனித்தார்.

"ஊசி வேலை செய்யுது பாரு. வந்தப்ப பூனக்குட்டி மாதிரி இருந்தான். இப்ப ரோட்டு வரைக்கும் கேக்குது. உனக்கும் நாலு போட்டுக்கயேன்."

சிரித்தேன். அந்தக் கிண்டல் கூட எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டவுன் பஸ்ஸில் சில நாள் அவரைப் பார்ப்பேன். கிளினிக் சிஸ்டரோடு பேசினால் யாராவது என்ன வியாதி என்று கேட்பார்கள் என்பதால் நானாகவே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருநாள் கண்டக்டர் அவருக்குப் பின்னால் நின்று டிக்கெட், டிக்கெட் என்று மூன்று தடவை கேட்டார். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் தட்டியதும் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏம்ப்பா, தூங்கறதுக்கு பஸ்ஸா கெடச்சுது உனக்கு?" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். நான் இருப்பதைப் பார்த்துத்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். இறங்கும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினார். அதையும் பார்த்தேன். காலையில் நான்கு மணிக்கு எழுந்து போகிற ஆள், உடம்பு அசதி என்று நினைத்தேன்.

எப்போதிலிருந்து அவர் "இல்லைங்க" என்பதை விட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டத் தொடங்கினார் என்று எனக்கு நினைவில்லை. நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓரக்கண்ணில் தலை இடவலமாக அசைவது தெரியும். 'இல்லை' என்று எழுதுவேன்.

அட்டையில் அறுபதைத் தாண்டியிருந்தோம். டாக்டர் வீட்டில் ஒரு கல்யாணம். அடுத்த நாள் முழுக்கக் கிளினிக் பூட்டு. ஊசி ஒரு நாள் கூட விடக்கூடாதே என்று, நான் மட்டும் அதிகாலையில் வந்து அவருக்காகத் திறப்பதாக டாக்டரிடம் சொல்லிச் சாவி வாங்கி வைத்திருந்தேன். ஊசி போட்டு முடித்து, பேனாவை எடுத்துக்கொண்டு சொன்னேன்.

"நாளைக்கு மத்தியானம் பூட்டியிருக்குங்க. ஷிஃப்டுக்குப் போறதுக்கு முன்னாடி அஞ்சு மணிக்கு வந்துடுங்க. நான் தொறந்து வெக்கிறேன்."

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்கிற மாதிரி. அவ்வளவு காலையில் வர முடியாது போல என்று எடுத்துக்கொண்டேன். முடியாது என்பவரிடம் மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை. வழக்கமான கேள்வியையும் அன்றைக்கு நான் கேட்கவே இல்லை. ஆனால் தலை ஆடியதைப் பார்த்த பழக்கத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை. எதிரில் பெட்டிக்கடை வைத்திருந்தவர், நான் பூட்டைத் திறக்கும்போது கூப்பிட்டார்.

"சிஸ்டர், நேத்து உங்க ஆளு ஒருத்தரு மூணு மணியிலருந்து நாலு மணி வரைக்கும் இந்தப் படியிலேயே நின்னுக்கிட்டிருந்தாருங்க. இன்னைக்கு லீவுங்க, லீவுங்கன்னு நானும் கத்தறேன், திரும்பியே பாக்கல. அப்புறம் பொறுக்க முடியாம நானே எழுந்து போயி கையக் காட்டிச் சொன்னேன். செவுடாங்க அவரு?"

 உள்ளே போய் ஸ்டெரிலைசரில் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் வழிந்து மேஜையில் ஓடிய பிறகுதான் கவனித்தேன்.

மூன்று மணிக்கு வந்தார். திரைக்குப் பின்னால் திரும்பி நின்றார். நான் சிரிஞ்சை எடுக்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "சாப்டீங்களா?" என்றேன். அசையவில்லை. என் குரலை எனக்குத் தெரியும். அதனால் இன்னும் பலமாக, என்னால் முடிந்த மட்டும் பலமாகக் கேட்டேன். அவர் காத்துக்கொண்டு நின்றார், ஊசிக்காக.

முன்னால் வந்தேன். ஊசி முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, குழப்பமாகப் பார்த்துக்கொண்டே சட்டையைச் சரிசெய்தார். நான் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். அட்டையை எடுத்தேன். பேனாவைத் திறந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குனியாமல் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"உங்க பேரு என்னாங்க?"

அவர் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு, பணிவாக, இல்லை என்று தலையை ஆட்டினார்.

அட்டையின் பின்பக்கத்தில் 'இன்று ஊசி வேண்டாம். டாக்டர் வரும் வரை இருங்கள்' என்று எழுதிக் காட்டினேன். படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஏன் சிஸ்டர், நோயி முத்திடுச்சுங்களா?" என்றார். அந்தக் காலி ஹால் முழுக்க எதிரொலித்தது.

ஐந்து மணிக்கு டாக்டர் வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்தார். இசைக்கவை ஒன்றைத் தட்டித் தலையெலும்பில் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லிக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். கண்ணை மூடியதும் அவர் சாய்ந்தார், கம்பவுண்டர் பிடித்துக்கொண்டார். பிறகு டாக்டர் அட்டையை எடுத்து முதல் கட்டத்திலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே போனார். எல்லாக் கட்டத்திலும் என் கையெழுத்தில் ஒரே சொல்.

"கேட்டியா?"

"கேட்டேன் சார்."

"என்னம்மா?"

"கேட்டேன் சார்."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. பிறகு கம்பவுண்டரிடம், "சாயந்தரம் வர மாட்டேன்னான், நானும் சரின்னு விட்டுட்டேன் பாரு," என்றார்.

நோயாளியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, காதில் சத்தம் எப்போதிருந்து என்று எழுதிக் கேட்டார் டாக்டர். அவர் வாயாலேயே பதில் சொன்னார், உரத்த குரலில், யாரோ தூரத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி.

"ஒரு மாசம் கழிச்சு வந்துச்சுங்க சார், கொய்ங்னு. பிரஸ் ஷாப்புல எல்லாருக்கும் அப்படித்தாங்க. மூணு மாசம் போனா பழகிடும்னு சொன்னாங்க. அங்க யாரும் வாய்ல பேச மாட்டோங்க, எல்லாம் கைதான். அதனால வித்தியாசம் தெரியலைங்க. தலை சுத்தினதுக்கு நோயோட அசதின்னு நெனச்சேன்."

"சிஸ்டர் தினம் கேட்டாங்களே?" என்று எழுதினார் டாக்டர்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

"அவங்க பேனாவ எடுத்தா அதத்தாங்க கேப்பாங்க. எனக்குத் தெரியும். வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

நான் எடுத்து வைத்திருந்த மருந்துப் புட்டியை டாக்டர் தூக்கி அலமாரியில் வைத்தார். ஊசி அன்றோடு நின்றது. பெங்களூரில் காது டாக்டருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே பார்த்துவிட்டு, போனது போனதுதான், மிச்சம் இருப்பது இருக்கலாம் என்று எழுதி அனுப்பினார்கள். மிச்சம் என்று சொல்லும்படி அதிகம் இல்லை. பக்கத்தில் வந்து கத்தினால் ஆண் குரல் கொஞ்சம் எட்டும். பெண் குரல் எட்டவே எட்டாது.

ஊசிக்குப் பதிலாக வேறு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார் டாக்டர். டிபி அதிலேயே அடங்கியது. அடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. கம்பெனிக்கு அந்த வியாதி கடைசி வரை தெரியவில்லை. தெரிந்தது காது. ஒருநாள் தகடு சிக்கிக்கொண்டதென்று பக்கத்து ஆள் நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறான். இவர் மிஷினை ஓட்டிவிட்டார். மயிரிழையில் அவன் விரல் தப்பியது. ஃபோர்மேன் வந்து முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிட்டார். பர்மனென்ட் ஆக இரண்டு மாதம் இருக்கும்போது ட்ரெய்னிங்கை நிறுத்திவிட்டார்கள். காது கேட்காதவனை பிரஸ் பக்கத்தில் நிறுத்தக்கூடாது என்பது அவர்கள் சட்டம். அதில் தவறு சொல்லவும் முடியாது.

ஊருக்குப் போவதற்கு முன் மாத்திரை வாங்க ஒரு மத்தியானம் அவரும் மனைவியுமாக வந்தார்கள். மனைவியை நான் அருகில் பார்த்தது அப்போதுதான். என் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய குரல். டெம்போவில் சாமான் ஏற்றி அனுப்பிவிட்டு வந்திருந்தார்கள். கம்பவுண்டர் மாத்திரையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். கணவர் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். மனைவி நேராக என் மேஜைக்கு வந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். டாக்டரு சொன்னாரு, ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா காது தப்பிச்சிருக்கும்னு. நீங்க இதுகிட்ட தெனம் கேட்டீங்களா?"

நான் சொல்லியிருக்க வேண்டியது நிறைய இருந்தது. குனிந்துகொண்டு கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் கேட்டது அவருக்கு எட்டியதா என்று பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். கேட்காத நாளிலும் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம்.

"தினம் கேட்டேன்," என்றேன்.

"என்னாக்கா?"

"தினமும் கேட்டேன். இல்லன்னுதான் சொன்னாரு."

 மனைவி பெஞ்சிப் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? எனக்குத் தெரியும். ஊசிய நிறுத்திட்டா மறுபடி மொதல்லருந்து போடணும், லீவு போடணும், வேல போயிடும்னு மறைச்சிருக்குற. கட்டுன பொண்டாட்டிகிட்டயும் மறைச்ச, அக்காகிட்டயும் மறைச்ச. இப்ப வேலையும் போச்சு, காதும் போச்சு. போயி உங்கண்ணன் கால்ல விழு."

அவர் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுகிறாள் என்பது மட்டும் புரிந்திருக்கும். எதற்கென்று புரியவில்லை. என்னைப் பார்த்தார், நான் எடுத்துச் சொல்வேன் என்பது போல. மேஜையில் காகிதம் இருந்தது. பேனாவும் இருந்தது. அவருக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். நான் டிரேயை எடுத்துக்கொண்டு சிரிஞ்சுகளைக் கழுவ உள்ளே போய்விட்டேன்.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு இருவரும் வெளியே போனார்கள். பின்பக்கத்து ஜன்னல் வழியாக பஸ் ஸ்டாண்டு போகிற சந்து தெரியும். மனைவி திட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். அவர் சுவரைத் தொட்டுக்கொண்டு பின்னால் போனார். கிருஷ்ணகிரி பஸ்கள் நிற்கிற இடம் வரைக்கும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"விடும்மா. அவனே மறைச்சான்னா நீ என்ன பண்ணுவ?" என்றார் கம்பவுண்டர்.

அந்தக் கிளினிக்கில் அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். வேப்பனப்பள்ளியிலிருந்து எத்தனையோ பேர் வந்தார்கள். அவர்கள் இருவரும் வரவில்லை. அவர் பொய் சொல்லித்தான் காதைக் கெடுத்துக்கொண்டார் என்று அந்தப் பெண் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருப்பார். எதற்காகத் தன்னைத் திட்டுகிறாள் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?